காதறுத்துவிட்ட பூனைகள்

செவ்வாய்ப்பேட்டையில் நாச்சிமுத்துவின் மண்டிக்குக் கொத்துமல்லி புடைக்க வந்த செல்வமேரிக்கு இரண்டு விஷயங்களில் தன்மேல் சந்தேகமே வந்ததில்லை. எந்த மூட்டையில் மண் கலந்திருக்கிறது என்பது ஒன்று. குடோனில் திரியும் பூனைகளில் எது எது, எந்தத் தாய்க்குப் பிறந்தது என்பது இன்னொன்று. இரண்டாவதில் ஒரே ஒரு முறை சறுக்கினாள். பேட்டை முழுக்க அவளைப் பற்றிப் பேசும்படி ஆனது அந்தச் சறுக்கலால்தான்.

ஐம்பதுகளின் கடைசி அது. மண்டிக்கு முன்பக்கம் தராசும் முதலாளியின் மெத்தையும்; பின்பக்கம் ஓடு வேய்ந்த நீளமான குடோன். கொத்துமல்லியும் மிளகாயும் பருப்பும் கூரை தொட அடுக்கியிருக்கும். தானியம் இருந்தால் எலி வரும், எலி இருந்தால் பூனை வரும். அந்தப் பூனைகளை யாரும் வளர்க்கவில்லை. அவையாக வந்தன, மூட்டைச் சந்துகளில் குட்டி போட்டன, அந்தக் குட்டிகளும் அங்கேயே தங்கிக் குட்டி போட்டன.

மாதா கோயிலில் மத்தியான மணி அடித்ததும் செல்வமேரி சல்லடையைக் கீழே வைத்துவிட்டு ஒரு சட்டியில் கஞ்சியும் கருவாட்டுத் தலையும் பிசைந்து குடோனின் கொல்லைப்புறம் வைப்பாள். தினமும் அதே இடம், அதே மணி. பூனைகளுக்குப் பேர் வைத்ததில்லை. எதையும் மடியில் எடுத்துக் கொஞ்சியதை யாரும் பார்த்ததில்லை. இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, எது வந்தது, எது வரவில்லை, எது நொண்டுகிறது, எதற்கு வயிறு கனத்திருக்கிறது என்று பார்ப்பாள். அவ்வளவுதான்.

"சோத்தைப் போட்டு வளத்தினா அது எங்க எலி புடிக்கும்?" என்று நாச்சிமுத்து கேட்டதுண்டு.

"பசிச்ச பூனை தெருக்குப்பைக்குப் போயிருமுங்க மொதலாளி. வயிறு ரொம்பினதுதான் இங்கயே கெடந்து எலிமேல கண்ணு வெச்சிருக்கும்."

அது அவருக்குச் சரியாகத்தான் பட்டது. எடப்பாடிக் கடைக்காரர் மல்லியைத் திருப்பி அனுப்பும் வரைக்கும்.

அன்றைக்கு மூட்டையை அவிழ்த்து ஒரு கை அள்ளி அவள் முகத்துக்கு நேரே நீட்டினார் நாச்சிமுத்து. "மூந்து பாரு."

மோந்தாள். "கடுவன் பூனை வேலைங்க. எல்லை கட்டறதுக்குப் பீச்சும்."

"எதுக்குப் பீச்சுதுன்னு நான் கேக்கல. எடப்பாடிக்காரன் ஊரெல்லாஞ் சொல்லிட்டுத் திரியறான், நாச்சிமுத்து மல்லியில கொழம்பு வெச்சா ஊடே நாறுதுன்னு. பாஷாணக்காரனுக்குச் சொல்லி உட்டாச்சு. கருவாட்டுல தடவி வெச்சான்னா ஒரே நாள்ல சோலி முடிஞ்சுது."

செல்வமேரி பதறவில்லை. பதறுகிற பெண்ணில்லை அவள். "முடியுமுங்க. தின்னுட்டு மூட்டைச் சந்துக்குள்ள போயிச் சாகும். மூட்டையெல்லாம் இறக்கித்தான் தேடணும். மல்லிக்குப் பக்கத்துல பாஷாணம் வெச்சாங்கன்னு எடப்பாடிக்காரருக்குத் தெரிஞ்சா அதையும் ஊரெல்லாஞ் சொல்லுவாருங்க."

நாச்சிமுத்து கையிலிருந்த மல்லியைச் சாக்கில் போட்டார்.

"புது மல்லி வர்ற வரைக்கும் உடுங்க," என்றாள். "அதுக்குள்ள வாடை நிக்கலீன்னா நானே கருவாடு வாங்கியாரேன்."

வாய்தான் சொல்லிவிட்டது. வாடையை எப்படி நிறுத்துவது என்று அப்போது அவளுக்கே தெரியாது. தெரியாததை அவள் முகம் காட்டிக்கொள்ளவில்லை.

வழி, வாசலில் நின்ற வண்டி மாடுகளைப் பார்க்கும்போது தோன்றியது. பொலிகாளையாக இருந்தால் இந்நேரம் ஒன்றையொன்று குத்திக் கிழித்திருக்கும். காயடித்த மாடுகளானதால் தோளோடு தோள் உரசி வைக்கோல் மென்றுகொண்டிருந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்ததும் யாகப்பனைப் பிடித்தாள். அவள் புருஷன் தோமினிக்குக்குச் சித்தப்பா மகன் அவன். மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர்.

"ஏப்பா யாகப்பா, கடுவன் பூனையைக் காயடிக்க முடியுமா?"

யாகப்பன் சுற்றுமுற்றும் பார்த்தான். "கோயில் வாசல்ல கேக்கற கேள்வியா அண்ணி இது?"

"பாவசங்கீர்த்தனத் தொட்டியில போய்க் கேக்கட்டுமா? முடியுமா முடியாதா, சொல்லு."

"மாட்டைக் கொண்டாருவாங்க, எருமையைக் கொண்டாருவாங்க. பூனையைக் கொண்டாந்தா டாக்டர் என்னையப் புடிச்சுக் கட்டிப் போடுவாரு."

ஆனால் டாக்டருக்கு அதில் ஆர்வமாகத்தான் இருந்தது. புதிதாகப் படித்து வந்தவர். நாள் முழுக்க மாட்டுக் குளம்பைப் பார்த்து அலுத்திருந்தார். கொண்டு வரச் சொல், பார்க்கலாம் என்றார்.

கொண்டு போவதல்லவா பெரிய பாடு. முதல் நாள் கடுவன் ஒன்றைக் கையால் பிடிக்கப் போன தோமினிக், முழங்கை வரைக்கும் கோடு வாங்கிக்கொண்டு திரும்பினார். சாக்குத் தைக்கிற கை அது. ஒரு வாரம் கோணூசி பிடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு செல்வமேரி கோழி கவிழ்க்கிற பஞ்சாரக்கூடை ஒன்றைக் கொண்டுவந்தாள். ஒரு குச்சியை முட்டுக்கொடுத்து அதைச் சாய்த்து நிறுத்தினாள். கூடைக்கு அடியில் கஞ்சிச் சட்டி. குச்சியில் சணல் கயிறு. முதல் சில நாள் கயிற்றைத் தொடவே இல்லை. பூனைகள் கூடைக்குப் பழகட்டும் என்று விட்டாள். பிறகு ஒரு மத்தியானம், எந்தக் கடுவன் வேண்டுமோ அது மட்டும் உள்ளே இருக்கிற சமயம் பார்த்துச் சுண்டினாள். கவிழ்ந்த கூடைக்குள் அது துள்ளியது. மேலே சாக்கைப் போட்டு மூடியதும் அடங்கிவிட்டது. இருட்டில் பூனை சாந்தமாகிவிடும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டாள்.

கடுவன்கள் ஒவ்வொன்றாகப் போய் வந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததை அன்று ராத்திரி தன் வீட்டில் கூடைக்கடியில் வைத்திருந்து, தெளிந்த பிறகு காலையில் குடோனில் விட்டாள். சண்டை குறைந்தது. வாடையும் குறையத் தொடங்கியது. ஆனால் குட்டிகள் குறையவில்லை. பேட்டையில் கடுவனுக்கா பஞ்சம்? பக்கத்து மண்டிக் கடுவன் சுவரேறிக் குதித்து வந்து போனது.

"அப்ப பொட்டைக்கும் செஞ்சாத்தானுங்க ஆகும்," என்று டாக்டரிடமே போய்ச் சொன்னாள்.

"அது வயிற்றைத் திறக்கிற வேலை அம்மா. நாய்க்குச் செய்திருக்கிறேன். பூனைக்குச் செய்ததில்லை."

"மொத தடவைன்னு ஒண்ணு இருக்கத்தானுங்களே வேணும்."

முதல் பூனை பிழைத்தது. அடுத்ததும் பிழைத்தது. பிறகு வந்த ஒன்று பிழைக்கவில்லை. அதைத் தானே புதைத்துவிட்டு மறுநாள் அடுத்ததைக் கொண்டுபோனாள். அழுதாளா என்று தோமினிக்குக்கே தெரியாது. 

சறுக்கியது இங்கேதான். சாம்பல் வரிப் பூனைகள் இரண்டு, ஒரே ஈற்றில் பிறந்தவை, ஒன்றை உரித்து ஒன்றைச் செய்தாற்போல இருக்கும். ஏற்கெனவே கொண்டுபோனதையே மறுபடியும் கொண்டுபோய்விட்டாள். மயக்கம் கொடுத்து வயிற்றைத் திறந்த பிறகுதான், உள்ளே எடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டருக்குத் தெரிந்தது. அவர் அவளைத் திட்டவில்லை. யாகப்பன்தான் திட்டினான்.

"எல்லாப் பூனையும் எனக்கு அத்துப்படின்னியே அண்ணி!"

"தப்புத்தான். சும்மா இருந்த வயித்த அறுக்க வெச்சிட்டேன்." உடனே அடுத்ததைச் சொன்னாள்: "இனிமே மயக்கத்துல இருக்கையிலயே எடது காதுல ஒரு வெட்டு போட்டுருங்க. ஆட்டுக்காரங்க போடுவாங்களே, அந்த மாதிரி. தூரத்துல இருந்து பாத்தாலே தெரியட்டும்."

நல்ல யோசனை என்றார் டாக்டர். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன ஒவ்வொரு பூனையும் இடது காதில் சின்ன முக்கோண வெட்டோடு திரும்பியது. முன்பே போய் வந்தவற்றையும் மறுபடி கொண்டுபோய்க் காதில் வெட்டுப் போட்டு வந்தாள். மத்தியானச் சட்டியைச் சுற்றி நிற்பவற்றை ஒரு நோட்டம் விட்டால் போதும், இன்னும் யார் பாக்கி என்று தெரிந்துவிடும். பிறந்திருந்த குட்டிகளை, கண் திறந்து தானாகத் தின்னும் பருவம் வந்ததும், கூடையில் போட்டு ஆத்தூர் போகும் லாரிகளில் ஏற்றி அனுப்பினாள். அங்கே ரைஸ் மில்காரர்கள் எலித் தொல்லைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்த நேரத்தில் மூட்டை தூக்குகிற சென்றாயன் அந்தக் காதுகளைப் பார்த்தான்.

சென்றாயனின் ஊரில் காது வெட்டிய கிடாய் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். முனியப்பனுக்கு நேர்ந்து, காதறுத்து விட்டது. அது எவன் காட்டில் மேய்ந்தாலும் விரட்டமாட்டார்கள். அதன்மேல் கல் எறிந்தவன் கை விளங்காது. பூனையை நேர்ந்துவிடுகிறவர்களை அவன் பார்த்ததில்லைதான். ஆனால் ஒன்றா இரண்டா, குடோன் முழுக்கக் காதறுத்த பூனையாக இருந்தால் யார் மனசுதான் வேறு மாதிரி நினைக்கும்? மற்ற மூட்டைக்காரர்களிடம் சொன்னான். அவர்கள் டீக்கடையில் சொன்னார்கள். நாச்சிமுத்துவின் காதுக்கு வந்தபோது அது முழுக் கதையாகியிருந்தது.

அவர் அந்த வாரம்தான் பாஷாணக்காரனுக்கு மறுபடியும் ஆள் அனுப்பியிருந்தார். புது மல்லி வரப்போகிறது, கொடுத்த தவணை முடிகிறது. விஷயம் தெரிந்ததும் இன்னொரு ஆளை ஓடவிட்டு அவனை வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னார். பூனைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறாள் என்று அவருக்குத் தெரியும். காது எதற்கு வெட்டப்பட்டது என்று அவர் கேட்கவில்லை, கேட்கவும் பயந்தார். செல்வமேரியைக் கண்டால் அதன் பிறகு சற்றுத் தள்ளியே நின்றார்.

"உம் பூனைக்கு முனியப்பன் காவல்," என்று தோமினிக் சிரித்தார். "பங்குச் சாமியார்கிட்டச் சொல்லிட்டியா?"

"நான் யாருகிட்டயும் ஒண்ணுஞ் சொல்லல. அவங்களா நெனச்சுக்கிட்டா நான் என்ன பண்றது?" என்றாள். பூனைகள் பிழைத்தன, அது போதும் என்று இருந்துவிட்டாள்.

அது போதவில்லை. ஆட்கள் தினமும் பால் கொண்டுவந்து குடோன் வாசலில் வைத்தார்கள், சந்தை நாளான செவ்வாய்க்கிழமைகளில் இன்னும் அதிகம். ஒருவர் ஈரல் கொண்டுவந்தார். காலை முதல் சாயங்காலம் வரை எங்கு பார்த்தாலும் தீனி கிடந்தால், மத்தியான மணிக்கு எந்தப் பூனை வரும்? கூடை கவிழ்ந்தபடியே கிடந்தது. பேட்டையின் மற்றக் கடுவன்கள் வாடை பிடித்து வந்து சேர்ந்தன. அத்தோடு விட்டார்களா? ஒரு செவ்வாய்க்கிழமை கீரை விற்க வருகிற சின்னாயி, கீரைக் கூடைக்கு அடியிலிருந்து இன்னும் கண்கூடச் சரியாகத் திறக்காத குட்டிகளை எடுத்துக் குடோன் ஓரம் விட்டாள்.

"ஏ சின்னாயி, என்ன பண்ற?"

"முனியப்பனுக்கு உடறனுங்க்கா. எங்கூட்டுல வெச்சுக் காப்பாத்த முடியல. இங்க சாமி பாத்துக்குமில்ல?"

அவள் மட்டுமல்ல. வேண்டாத குட்டியெல்லாம் சாமிக் குட்டியாக வந்து இறங்கியது. நெருக்கத்தில் கண்நோய் வந்தது. விடியக் காலம் கதவு திறக்கும்போது சீழ் கட்டிய கண்ணோடு செத்துக்கிடந்த குட்டிகளைச் செல்வமேரி முறத்தில் அள்ளினாள். மூட்டைமேல் மறுபடியும் அந்த வாடை, லேசாக.

"போயி உள்ளதைச் சொல்லப் போறேன்," என்றாள் வீட்டில்.

தோமினிக் ஊசியை நிறுத்தினார். "சொன்னா மொதலாளிக்குப் பயம் உட்டுரும். மறுநாளே பாஷாணம்."

"சொல்லாட்டிப் பாஷாணமே வேண்டாம். இந்த நோவே எல்லாத்தையும் முடிச்சுரும். அவருகிட்டயாவது பேசிப் பாக்கலாம், நோவுகிட்டப் பேச முடியுமா?"

அடுத்த சந்தை நாள், கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து, மண்டி வாசலில் பால் சொம்போடு நின்றவர்கள் நடுவே போய் நின்றாள். நாச்சிமுத்து மெத்தையில் இருந்தார்.

"ஏனுங்க மொதலாளி, எல்லாரும் கேளுங்க. இந்தக் காதை வெட்டினது மாட்டாஸ்பத்திரி டாக்டருங்க. ஆபரேசன் ஆன பூனை எதுன்னு தெரியறதுக்கு வெட்டச் சொன்னது நானு. நேத்திக்கடனும் இல்ல, சாமியும் இல்ல. பாலைக் கொண்டுபோயிப் புள்ளைங்களுக்குக் குடுங்க."

யாரும் நகரவில்லை. சென்றாயன்தான் பேசினான். "மேரியக்கா, நீங்க வேதக்காரங்க. எங்க சாமி சங்கதி உங்களுக்கு எப்படிங்க்கா தெரியும்? வெட்டினது டாக்டர் கையா இருக்கலாம். வெட்ட வெச்சது யாரு?"

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது.

"அப்படியா சென்றாயா? நேந்துக்கிட்டா எப்படிச் செய்வீங்க, அதைச் சொல்லு."

"கெடாமேல தண்ணி தெளிப்போம். ஒடம்பைத் துலுக்குச்சுன்னா சாமிக்குச் சம்மதம்."

"இதுங்க மேல யாராச்சும் தண்ணி தெளிச்சீங்களா?"

தெளித்ததில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது என்பது அவளுக்கு உடனே தெரிந்தது. சென்றாயன் டீக்கடைச் சொம்பை வாங்கி, மூட்டைமேல் படுத்திருந்த காதறுத்த பூனை ஒன்றின்மேல் தண்ணீரைத் தெளித்தான். தண்ணீர் பட்ட பூனை என்ன செய்யும்? மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரைக்கும் சிலிர்த்து, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது.

"துலுக்கிருச்சு!" என்று பேட்டையே கத்தியது. ஒருத்தி குலவை போட்டாள். நாச்சிமுத்து மெத்தையிலிருந்து இறங்கிக் கைகூப்பினார்.

செல்வமேரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் அடங்கும் வரை நின்றாள்.

"சரி சாமி. நீங்க சொன்னதே சரி. துலுக்கிருச்சு. சென்றாயா, நேந்து உட்ட கெடாயைக் கடைசியில என்ன பண்ணுவீங்க?"

"கோயில் நோம்பியில வெட்டுவோம்."

"வெட்டி?"

"வெட்டி... பொங்க வெச்சு, கொழம்பு வெச்சுச் சாப்புடுவோம்."

"அப்ப வர்ற நோம்பிக்கு இதை வெட்டறது யாரு? நீயா? கொழம்பு வெக்கறது உங்கூட்டுலயா? மொதல் பந்தியில யாரு உக்காருவீங்கன்னு இப்பவே சொல்லிருங்க, நான் எலை போடறேன்."

 பின்னாலிருந்து யாரோ, "சென்றாயண்ணனுக்குத் தலைக்கறி!" என்றார். கூட்டம் வெடித்துச் சிரித்தது. சென்றாயன் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "அட, ஆளை உடுங்கப்பா," என்று மூட்டைக்கு அடியில் போய்த் தோள் கொடுத்தான். வெட்ட முடியாததை நேர்ந்துகொள்ள முடியாது. அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்த சட்டம். பால் சொம்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின.

நாச்சிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. கூப்பிய கையைப் பிரித்து, வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"அப்ப இது சாமிது இல்ல."

"இல்லைங்க."

"இத்தன நாளா என்னையப் பயந்துக்கிட்டு இருக்க உட்ட."

"நீங்க கேக்கலீங்க. நானும் சொல்லல. சொல்லியிருக்கோணும்."

"இப்ப நான் பாஷாணக்காரனைக் கூப்புட்டா ஒரு சாமியும் தடுக்காது?"

"தடுக்காதுங்க. ஆனாக் கூப்புடறதுக்கு முந்தி உள்ள போயி மூந்து பாத்துட்டு வாங்க. ரெண்டு பக்கமும் மூந்து பாருங்க. வாசல் பக்கம் இருக்கறது சாமிக்குன்னு ஆளுங்க வெச்ச தீனிக்கு வந்த கடுவனுங்க பீச்சினது. கொல்லைப்பக்கம் எங் கூடைக்குப் போய் வந்ததுங்க படுக்கற எடம்."

அவர் உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. மூட்டைகளை அவிழ்க்கச் சொல்லும் குரலும், சென்றாயனை நகரச் சொல்லும் குரலும் கேட்டன. செல்வமேரி தன் இடத்தில் உட்கார்ந்து சல்லடையை எடுத்தாள். மல்லியைச் சலிக்கத் தொடங்கினாள். வெளியே வந்தவர் இரண்டு கையிலும் மல்லி வைத்திருந்தார். இடது கையிலிருந்ததைத் தெருவில் கொட்டினார். வலது கையிலிருந்து இரண்டு விதையை வாயில் போட்டு மென்றார்.

"இது கொல்லைப்பக்கத்து மூட்டை. மல்லி மல்லியாத்தான் இருக்குது." மென்றுகொண்டே யோசித்தார். "இத பாரு மேரி. வெட்டுப்பட்ட காது எத்தனை வேணும்னாலும் இருக்கட்டும். அடுத்த வரத்து வர்றப்ப முழுக் காதோட ஒண்ணு என் குடோன்ல நின்னாலும் நான் பாஷாணக்காரனுக்குச் சொல்லி அனுப்பிருவேன். அப்புறம் நீ பந்தி வெச்சாலும் சரி, எலை போட்டாலும் சரி."

"அதைத்தானுங்க நானும் இத்தன நாளா சொல்றேன்," என்றாள் செல்வமேரி.

வேலை லேசாக இல்லை. தீனி நின்றதும் பூனைகள் மறுபடியும் மணிக்கு வரத் தொடங்கின. கூடை மறுபடியும் நிமிர்ந்தது. கண்நோய்க்கு டாக்டர் கொடுத்த மருந்தைப் பஞ்சில் தொட்டுத் தொட்டுத் துடைத்தாள். பிழைத்த குட்டிகள் ஆத்தூர் லாரியில் போயின. வாசல் பக்கத்துக் கடுவன்களைப் பிடிக்கச் சென்றாயனே கயிற்றைச் சுண்டினான். தலைக்கறிப் பேச்சு தன்னை விட்டுப் போகவேண்டும் என்றால் அவனும் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது.

சின்னாயி மறு செவ்வாய் கீரைக் கூடையோடு வந்தபோது செல்வமேரி வழிமறித்தாள்.

"குட்டிங்கள உட்டுட்டுப் போனியே, ஆத்தாள எங்க?"

"அது ஊட்டுலதான் இருக்குதுங்க்கா. எதுக்கு?"

"எதுக்கா? அது மறுபடியும் போடும், நீ மறுபடியும் தூக்கிட்டு வருவ. ஆத்தாளக் கொண்டா. வயித்துல இருக்கறத எடுத்துட்டுத் திருப்பித் தாரேன். அப்புறம் உங்கூட்டு எலியைப் புடிச்சுக்கிட்டு அது பாட்டுக்கு இருக்கும்."

"அது செத்துப்போச்சுன்னா என்னங்க்கா பண்றது?"

"ஒண்ணு செத்துதான் இருக்குது. இல்லீன்னு சொல்லமாட்டேன். மத்தது எல்லாம் அங்க படுத்துக் கெடக்குது, நீயே பாரு."

சின்னாயி குடோனுக்குள் எட்டிப் பார்த்தாள். மூட்டைமேல் வெயில் விழுந்த இடத்தில் வரிப் பூனை ஒன்று காலை நீட்டி நக்கிக்கொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்தாள். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சந்தைப் பக்கம் போய்விட்டாள்.

அதற்கடுத்த செவ்வாய், கீரையை விற்று முடித்துவிட்டுத் தலைக் கூடையில் சாக்குமூட்டை ஒன்றோடு வந்தாள். மூட்டை அசைந்து உறுமியது. அவள் முழங்கை முழுக்கப் பிறாண்டல்.

"கடிச்சு வெச்சிருச்சுங்க்கா."

"கூடைக்கு வராத பூனையக் கையில புடிச்சா கடிக்கத்தான் செய்யும். வா, நீயும் வா. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிரலாம். டாக்டர்கிட்ட உங்கையையும் காட்டு."

"மாட்டு டாக்டருகிட்டயா?"

"ஏன், மாட்டுத் தோலுக்குப் போடற மருந்து உந்தோலுக்கு ஆகாதா?" என்று சொல்லிக்கொண்டே செல்வமேரி சாக்கின் ஒரு முனையைப் பிடித்தாள். சின்னாயி இன்னொரு முனையைப் பிடித்தாள். சந்தைக் கூட்டத்துக்கு நடுவே, வண்டிகளுக்கு வழிவிட்டு, இருவரும் ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தார்கள்.